ஒரு மாதிரி வீடு

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் பெயர் பொத்தான்காரர். எனக்கு அவர் அத்தான். இரண்டையும் சேர்த்துப் 'பொத்தான் அத்தான்' என்று முதலில் கூப்பிட்டது நான்தான். கொழுந்தியாள் என்று ஒருத்தி இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, எதுகை நன்றாக வருகிறது என்று பாராட்டினார். இப்படிப்பட்ட மனுஷரைக் கிண்டல் செய்வதில் பாதி சுகம் போய்விடுகிறது.

அவர் கடை இரண்டு பெரிய துணிக்கடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இரண்டு பேர் இருக்கும்போது ஒருவருக்குத் தும்மல் வந்தால் மற்றவர் வெளியே போய் நிற்க வேண்டும். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள். பெட்டியில் எழுத்து கிடையாது, எண் கிடையாது. உள்ளே என்ன பொத்தான் இருக்கிறதோ அதில் ஒன்றை எடுத்துப் பெட்டியின் முகத்தில் தைத்து வைத்திருப்பார். அதற்குப் பெயர் மாதிரி. அந்தக் கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை புழங்குகிற சொல்லே அதுதான். இந்த மாதிரி இருக்கா, அந்த மாதிரி காட்டுங்க, இதே மாதிரிதான் வேணும். திறக்காமலே உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பது அத்தானின் கொள்கை. மனிதர்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் தேவலை என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அவர் விற்றதைவிட விற்க மறுத்ததுதான் அதிகம். யாராவது ஒரு சட்டையை நீட்டி, விழுந்துபோன பொத்தானுக்கு ஜோடி கேட்பார்கள். அவரிடம் இருப்பது கொஞ்சம் வெளிறி இருக்கும். பரவாயில்லை, கிட்டத்தட்ட அதே மாதிரிதானே, கொடுங்கள் என்பார்கள். கிட்டத்தட்ட என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அத்தானுக்கு முகம் கோணிவிடும்.

"கிட்டத்தட்ட வேணாங்க. ஒண்ணு, அதேதான் இருக்கணும். இல்லன்னா சுத்தமா வேறயா இருக்கணும். நடுவுல நின்னா முழிக்கும்" என்பார்.

என் அக்காவிடமும் இதைத்தான் சொன்னார். அக்கா தன் மேல்கோட்டின் பொத்தானுக்காகப் போயிருந்தாள். அவர் அது சிப்பியா பிளாஸ்டிக்கா என்று பார்க்க வழக்கம்போல முன்பல்லில் தட்டினார். அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பொத்தானை விட்டுவிட்டுப் பல்லைப் பார்த்தாள். ஓரம் உடைந்திருக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் பொத்தான் தரவில்லை, இவள் நாள் குறித்துக் கொடுத்தாள். ஐம்பதைத் தாண்டிய அவருக்கும் ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இவளுக்கும் கல்யாணம் இப்படித்தான் கூடி வந்தது. அன்றைக்குக் கடையில் கூப்பிட்ட பழக்கத்தில் இன்றைக்கும் அவளை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். நான் சின்ன மேடம்.

பிரச்சினை வீட்டில் தொடங்கியது.

நாள் முழுவதும் ஆயிரம் நிறம் பார்த்த கண் அத்தானுடையது. வீட்டுக்கு வந்தால் அவருக்கு எதுவுமே தெரியக் கூடாது. மூன்றாவது மாடியில் அவருடைய ஃபிளாட் முழுக்க வெள்ளைச் சுவர். ஓர் ஆணி கிடையாது. கூடத்தில் முதுகு சாய இடமில்லாத ஒரு மர பெஞ்ச், அதன்மேல் வெள்ளை மெத்தை, எதிரே குட்டை மேஜை. மற்ற எல்லாமே சுவரோடு சுவராக இருக்கும் வெள்ளை இழுப்பறைகளுக்குள். ஆனால் கொள்கையை விட முடியுமா? ஒவ்வோர் இழுப்பறையின் முகத்திலும் ஒரு மாதிரி ஒட்டியிருந்தது. ஸ்பூன் இழுப்பறையில் ஒரு ஸ்பூன், காலுறை இழுப்பறையில் ஒற்றைக் காலுறை, மருந்து இழுப்பறையில் ஒரு தலைவலி மாத்திரை. வெங்காயம் வைக்கும் இழுப்பறையில் நிஜ வெங்காயத்தையே ஒட்டி, அது முளைவிட்டு இலையெல்லாம் வந்த பிறகுதான் மரத்தில் ஒன்று செய்து மாற்றினார். வாசல் கதவில் அவருடைய பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். உள்ளே இருப்பது அவர்தானே. அந்தக் கட்டடத்தில் காவலாளி முதல் குழந்தைகள்வரை எல்லோரும் அதை 'அந்த ஒரு மாதிரி வீடு' என்றுதான் சொல்வார்கள். அத்தானுக்கு அதில் பெருமை. மாதிரி என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

என் அக்கா இதற்கு நேர் எதிர். அவள் வேலை செய்யும் இடத்தில் எல்லாம் வெள்ளை. வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, எஃகுத் தட்டு, வாயைப் பிளந்துகொண்டு பயந்து கிடக்கும் ஜனங்கள். அதனால் தன் வீட்டை அரண்மனையாக வைத்திருந்தாள். கருஞ்சிவப்பு வெல்வெட் சோபா, அதன் கைப்பிடியில் சிங்கத்தலை, காலில் சிங்கப்பாதம், முதுகெல்லாம் குழி குழியாகப் பொத்தான் வைத்துத் தைத்தது. ஒரு கண்ணாடி அலமாரி கொள்ளாமல் பீங்கான் நாய்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர். சுவரில் ஒரு கடிகாரம். மணிக்கொருதரம் அதன் கதவைத் திறந்துகொண்டு ஒரு மரப்பறவை வந்து கத்திவிட்டுப் போகும். பக்கத்தில் தங்க நிறச் சட்டம் போட்ட அக்காவின் படம், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது.

கல்யாணம் ஆனதும் சோபாவும் நாய்களும் மூன்றாவது மாடி ஏறின. கடிகாரமும் படமும் வரவில்லை. அவருக்கு ஆணி அடித்தால் பிடிக்காது, அங்கேயே இருக்கட்டும் என்றாள் அக்கா. பழைய வீட்டை வாடகைக்கும் விடவில்லை. அதன் சாவி அவள் கைப்பையிலேயே கிடந்தது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு ஒரு காலை வாசலிலேயே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் கடிப்பாள் என்று கேட்கவில்லை.

இரண்டு பேரும் மனசார முயற்சி செய்தார்கள், அதை மறுக்க முடியாது. முதலில் கூடத்தை நடுவில் பிரித்து ஜன்னல் பக்கம் அவருக்கு, கதவுப் பக்கம் இவளுக்கு என்று வைத்தார்கள். அத்தான் கழிவறைக்குப் போவதற்கே சிங்கங்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று வைத்தார்கள். பெஞ்ச், சிங்கம், குட்டை மேஜை, நாய் அலமாரி என்று வரிசையாக இருந்ததைப் பார்த்தால் பழைய சாமான் கடை ஞாபகம்தான் வந்தது. கடைசியில் அத்தான் ஒரு காரியம் செய்தார். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு வெளிர் ரோஜா நிறத் துணி வாங்கி, சோபா, பெஞ்ச், அலமாரி எல்லாவற்றுக்கும் உறை தைத்துப் போட்டுவிட்டார். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது என்றார். ஊருக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்கிற கிட்டத்தட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"வெள்ளைச் சுவரு, நடுவுல ரோஸ் கலரு. ஈறு கலருடி அது. வாயிக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அவர் தங்கமானவர்தான், ஆனால் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து இன்னொரு காத்திருக்கும் அறைக்குப் போய் உட்காருவதுபோல இருக்கிறது, யாரோ தன் பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து போக வேண்டியதுதான் என்று தோன்றுகிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன், சோபாவும் நாய்களும் திரும்பிப் போகின்றன, நானும் போகிறேன், விருந்தாளியாக வந்துபோய் இருந்துகொள்கிறோம் என்றாள். அத்தானிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். அவர் சரி மேடம் என்றாராம். அந்த மனுஷர் குத்துக்கல் மாதிரி நின்று அப்படிச் சொன்னதற்கு எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை நாய்களைப் பொதிந்து கட்டுவதற்காகப் போனேன். அத்தான் காலையிலேயே எல்லாவற்றையும் தயார் செய்திருந்தார். உறைகளைக் கழற்றி மடித்தாகிவிட்டது. வண்டிக்காரர்கள் தூக்க வசதியாகச் சோபாவை மட்டும் தனியாக இழுத்து வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார். கண்ணாடி அலமாரியைக் காலிசெய்து, உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுவதற்காக நாய்களைத் தன் இழுப்பறைகளின் மேல் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வைத்திருந்தார். சோபாவின் திண்டு ஒன்று பெஞ்சில் கிடந்தது. நான் இருந்த எரிச்சலில் எதையும் நின்று பார்க்கவில்லை. அக்கா அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் கூடத்தின் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது மணி அடித்தது. வாசலில் ஓர் ஆணும் பெண்ணும். புருஷன் பெண்சாதி என்று பார்த்ததும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு விஷயம் பேசினார்கள். வரலாமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். அவர் நேராகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அந்தம்மா இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். இவ்வளவு உரிமையோடு அடுத்தவர் வீட்டு இழுப்பறையைத் திறக்கிறவர்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருக்க முடியும். கல்யாணத்துக்கு வராத தூரத்து உறவு யாரோ வீடு பார்க்க வந்திருக்கிறது என்று மூன்று பேருமே நினைத்தோம். எங்கள் பக்கத்து உறவு எனக்குத் தெரியும், ஆகவே அத்தான் பக்கம். அத்தானோ, தன் பக்கம் யாரும் கிடையாது, ஆகவே எங்கள் பக்கம் என்று முடிவுகட்டியிருக்கிறார்.

அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அவர் சொந்தக்காரங்க. வண்டி விஷயத்தை மூச்சு விடாத. அவருக்குத் தலைகுனிவா போயிடும்."

நான் தேநீர் கலக்கும்போது அத்தான் தண்ணீர் எடுக்க வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மேடம் வீட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள், மேடம் வீட்டைவிட்டுக் கிளம்புகிற சமாச்சாரம் தெரிந்தால் அவரைத்தான் குறை சொல்வார்கள், நீங்கள் ஒன்றும் காட்டிக்கொள்ளாதீர்கள் சின்ன மேடம் என்று என்னைக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். இவரும் எதற்காக இதைச் சொல்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். தேநீர் பொங்கிவிட்டது, யோசிக்கவில்லை.

கூடத்தில் வந்தவர் மர பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். முதுகு சாய இடமில்லையே, இதை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நன்றாகக் கேட்டீர்கள் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"நாள் முழுக்க கலர் கலரா பாத்துட்டு வர்றாருங்க. அந்தக் கண்ணுக்கு ஒரு ஓய்வு வேணாமா? சாயங்காலம் அவர் இதுல சும்மா உக்காந்து சுவரைப் பாத்துட்டிருப்பாரு. அதைப் பாக்கிறப்ப எனக்கே களைப்பு போயிடும்" என்றாள்.

ஈறு, வாய், குடித்தனம் என்று போனில் அழுதவள் இவள்தான். அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார்.

அந்தம்மா இதற்குள் சிங்க சோபாவின் முன்னால் நின்றிருந்தாள். இவ்வளவு வெள்ளை வீட்டில் இதைக் கொண்டுவந்து வைக்க என்ன துணிச்சல் வேண்டும் என்றாள். அதைக் குறையாக எடுத்துக்கொண்டார் அத்தான். கடையில் யாராவது கிட்டத்தட்ட என்றால் வருகிற அதே முகம் வந்துவிட்டது.

"எங்க மேடம் வேலை பாக்கிற இடத்துல வர்றவங்க எல்லாரும் பயந்துட்டே வருவாங்க. அத்தனை பேர் பயத்தையும் வாங்கி வச்சுட்டு, சிரிச்ச முகமா அனுப்புறாங்க. வீட்டுக்கு வந்தா உக்கார அவங்களுக்கு ஒரு சிங்காசனம் வேணாமா?"

பிறகு, கேட்காமலே, நாய்களை அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். இது மந்திரி, இது பட்டாணி, இது சோம்பேறி, காது உடைந்தது கணக்குப்பிள்ளை, அதைத் தனியாக வைத்தால் மேடத்துக்குப் பிடிக்காது, பட்டாணிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். எனக்கே அத்தனை பெயரும் தெரியாது. அக்கா ஒருநாளும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லையாம். துடைக்கும்போது அவள் தனக்குத்தானே பேசுவதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார். அக்கா கையிலிருந்த தேநீர்த் தட்டை நீட்ட மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கி வைத்தேன்.

அந்தம்மா சோபாவின் முதுகைத் தொட்டுப் பார்த்து, ஓரிடத்தில் விரலை வைத்தாள். அத்தனை சிவப்புப் பொத்தான்களுக்கும் நடுவில் ஒரே ஒரு பொத்தான் சுத்த வெள்ளை. வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டாள். அந்த இடத்துப் பொத்தான் எப்போதோ விழுந்து, வருஷக்கணக்காக வெறும் குழியாக இருந்தது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் அது வெள்ளையானது அப்போதுதான் தெரிந்தது.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "காலையிலதான் தைச்சேன். கிட்டத்தட்ட சிவப்பு ஒண்ணு இருந்துச்சு. வேணாம்னு என் பெஞ்ச் மெத்தையில இருந்ததையே பிச்சு வச்சேன். எங்க போனாலும் என்னோடது ஒண்ணு கூட இருக்கட்டும்னு."

அப்போதுதான் நான் அந்தக் கூடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவரில் அந்தச் சோபா உண்மையிலேயே சிங்காசனமாகத்தான் நின்றது. கண்ணாடிக்குள் நெரிசலில் எதுவும் தனியாகத் தெரியாமல் கிடந்த நாய்கள் ஆளுக்கோர் இடம் கிடைத்து முகம் தெரிய உட்கார்ந்திருந்தன. பெஞ்சின்மேல் ஒரு சிவப்புத் திண்டு. கலக்க வேண்டும் என்று படாத பாடுபட்டபோது வராதது, பிரித்து அனுப்ப எடுத்துவைத்தபோது தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அவருடையது அவருடையதாகவே இருந்தது, இவளுடையது இவளுடையதாகவே இருந்தது. ஈறு நிறம் மட்டும் இல்லை. எங்களுக்கு மூளை இருக்கிற இடத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

வந்தவர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். எல்லாம் திருப்தி, அப்படியே இதே மாதிரி வேண்டும், சாவி எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

சாவி என்றதும் அக்காவின் கை கைப்பைக்குப் போனது. நான்தான் துணிந்து கேட்டேன், நீங்கள் யாருக்குச் சொந்தம் என்று.

"சொந்தமா? நாங்க வீடு வாங்க வந்தவங்க. மாதிரி வீடு எதுன்னு கீழ காவலாளிகிட்ட கேட்டோம். மூணாவது மாடி, கதவைப் பாத்தாலே தெரியும்னாரு."

பின்னால் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வீடு இருந்தது எனக்கும் தெரியும். ஆனால் காவலாளிக்குத் தெரிந்த மாதிரி வீடு ஒன்றே ஒன்றுதான். நான் சிரித்த சிரிப்பில் சுவரோடு சாய்ந்துவிட்டேன். வந்தவர்கள் பாவம், கூசிப்போய் எழுந்தார்கள். அந்தம்மா மட்டும் போகிறபோது காலுறை இழுப்பறையை இன்னொரு தரம் பார்த்து, இது ரொம்ப வசதி என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

கதவு சாத்தியதும் அக்கா கேட்டாள், அவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள் இல்லையா என்று. அத்தான் கேட்டார், உங்கள் சொந்தக்காரர்கள் இல்லையா என்று. இரண்டு பேருக்கும் தாங்கள் யார் முன்னால் யாருக்காகப் பரிந்து பேசினோம் என்பது அப்போதுதான் புரிந்தது. அக்கா காலித் தேநீர்க் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள், அத்தான் திறந்துகிடந்த இழுப்பறையைத் தள்ளி மூடினார்.

கீழே வண்டி வந்து ஹார்ன் அடித்தது.

அத்தான் சரி மேடம் என்று சொல்வதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அக்கா கைப்பையைத் திறந்து பழைய வீட்டுச் சாவியை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"வண்டியோட நீ போ. அங்க கடிகாரமும் என் போட்டோவும் மாட்டியிருக்கு. பாத்து எடுத்துட்டு வா. பறவையோட மூக்கு உடையக் கூடாது."

அத்தான் முகம் எத்தனை விதமாக மாறியது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. சந்தோஷத்தில் பாதியும் பறவைப் பயத்தில் பாதியுமாக இருந்தது. சரி மேடம் என்றார். இந்தச் சரி மேடம் வேறு மாதிரி இருந்தது. நான் படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் இறங்கினேன்.

சாயங்காலம் கடிகாரம் கூடத்தில் ஏறியது. தன் சுவரில் முதல் ஆணியை அத்தானே அடித்தார். பறவை வந்து கத்தியபோது ஓரடி பின்வாங்கினார், ஆனால் வெளியே ஓடவில்லை. அக்கா சோபாவின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெல்வெட்டை வெட்டி, ஒரு பொத்தானுக்குப் போர்த்தி, வெள்ளை மெத்தையில் அவர் பிய்த்த இடத்தில் தைத்தாள். ரோஜா நிற உறைகளை எனக்கே கொடுத்தார்கள். என் வீட்டில் எதற்கும் அது ஒத்துவரவில்லை.

படத்தை எங்கே மாட்டுவது என்று நான் கேட்டேன். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவில் அத்தானின் பாஸ்போர்ட் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அத்தான் சுத்தியலோடு வந்து ஆணி அடித்தார். அவர் படம் கட்டைவிரல் அளவு, பயந்துபோன முகம். பக்கத்தில் தங்கச் சட்டத்துக்குள் என் அக்கா, மகாராணி மாதிரி. நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். நல்லதைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"ஒரு மாதிரி இருக்கே அத்தான்" என்றேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எண்ணிப் பாருங்க சின்ன மேடம். ஒரு மாதிரி இல்ல, ரெண்டு மாதிரி. உள்ள ரெண்டு பேர் இருக்கோம்ல."